ஐ.டி. பிடித்தம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குரோம்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். சம்பளக் கவரில் தமிழில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் 'ஐ.டி.' என்று போட்டு மாசாமாசம் ஒரு தொகை பிடிப்பார்கள். கழுத்தில் மாட்டுகிற ஐ.டி. கார்டுக்குத்தான் அந்தக் காசு என்று நாங்கள் அத்தனை பெண்களும் நம்பிக்கொண்டிருந்தோம். பெருங்களத்தூரிலிருந்து வந்துபோக எனக்கு ரயில் சீசன் டிக்கெட்டுக்கு அது சரியாக இருக்கும். சீசன் எடுக்க முடியாத மாதம் ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் வரைக்கும் நடைதான், அங்கிருந்து பஸ்.

ஒரு சம்பள நாளில் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. கணக்கு பார்க்கிறவரிடம் போய், "இன்னா சார், கார்டைத் தங்கத்துல அடிச்சீங்களா? இன்னுமா கடன் தீரல?" என்று கேட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கார்டு இல்லம்மா, இன்கம் டாக்ஸ்!"

எனக்கு இன்கம் டாக்ஸா! அடப்பாவிகளா! பங்களா கட்டியவன் எல்லாம் தப்பிச்சுக்குறான், சோத்துக்கு சிங்கியடிக்கிறவ கிட்டயா வரி?

"உன் வருமானத்துக்கு வரியே வராது. பிடிக்க வேணாம்னு எழுதிக் குடு" என்று அவரே தாளும் கொடுத்து, வாசகமும் சொன்னார். "ஐயா, ஏழையாகிய நான், தாங்கள் கருணை கூர்ந்து..."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நாள் முழுக்க குனிஞ்ச தலை நிமிராமல் தைக்கிறேன், எதுக்குக் கருணை? நானே எழுதினேன்: 'நீங்கள் தரும் சம்பளத்துக்கு வரி கிடையாது. எனக்கு வேறு வருமானமும் இல்லை. அதனால் பிடிக்காதீர்கள்.'

"ஐயோ, இத எடுத்துகினு போனா மேனேஜர் என்னை வறுத்துடுவாரு" என்றார்.

"குடுங்க, நானே போறேன்."

மேனேஜர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "கருணை கூர்ந்துன்னு ஒரு வார்த்தை போட்டா குறைஞ்சா போயிடுவ?"

"குறைக்கிறதுக்கு இன்னும் இன்னா சார் மிச்சம் கீது?"

"வேலை வேணுமா, வேணாமா?"

வேலை போனால் வீட்டில் உலை கொதிக்காது. ஆனால் வாய் நின்றால்தானே! "வேணும் சார். அதான் தெனம் வர்றேன். கையெழுத்துப் போடுங்க."

முறைத்துக்கொண்டே போட்டார். நான் நகரவில்லை.

"இதுவரைக்கும் பிடிச்ச காசு சார்?"

"அது கவர்மென்ட்டுக்குப் போயிடுச்சு. அவ்ளோதான்."

"சரி சார். கட்டின ரசீதைக் குடுங்க. நான் அங்கயே போய்க் கேட்டுக்கறேன்."

அந்த மனுஷன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "வேலையப் பாரு, போ. சொல்லி அனுப்பறேன்" என்றார்.

அந்த வாரமே எனக்கு ஒரு கவர் வந்தது. பிடித்த காசு முழுக்க அதில் இருந்தது. என் ஒருத்திக்கு மட்டும் என்று ரகசியமாகக் கொடுத்தார்கள். மத்தியானம் சாப்பிடும்போது எல்லார் எதிரிலும் அதைப் பிரித்து எண்ணினேன். சோற்றுக் கையோடு அத்தனை பெண்களும் எழுந்து மேனேஜர் ரூமுக்குப் போனார்கள்.

எல்லோருக்கும் காசு வந்தது. ரசீதை மட்டும் யார் கண்ணிலும் காட்டவில்லை.