சுற்றளவு அறிந்த கை

நட்டால் பூக்கும் பூச்செடிக் கிழங்குகளைப் பருமன் பார்த்துப் பிரித்துப் பையிலிடும் அந்தக் கிடங்கில் எல்லாருக்கும் அவள் ‘அளவக்கா’. பத்தொன்பது ஆண்டுகளாக வலக்கையே அவளுக்குக் கருவி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிழங்கை வளைத்து நுனியோடு நுனி தொட்டால் பன்னிரண்டு சென்டிமீட்டர்; நகத்தளவு இடைவெளி விட்டால் பதினான்கு. வட்ட ஓட்டைகள் இட்ட அளவுப் பலகை சுவரில் தூசி படிந்து தொங்கியது.

இவ்வாண்டு விரற்கணுக்கள் வீங்கிவிட்டன. முழுதும் மடங்க மறுத்தன. அதை அவள் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒட்டுத்தாள் ஒட்டும் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அங்கே வாங்கிய பத்துக் கிழங்குப் பையுடன் வந்து நின்றபோது அவள் வலக்கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

“பையில பன்னெண்டுலேர்ந்து பதினாலு சென்டிமீட்டர்னு போட்டிருக்கீங்க. ஸ்கேல் வெச்சுப் பார்த்தா நாலு சென்டிமீட்டர்தான் இருக்கு. மிச்சத்தை எலி தின்னுடுச்சா?”

மேலாளர் திரும்பினார். “என்னக்கா, கை தடுமாறுதா?”

விளையாட்டாகத்தான் கேட்டார். அவளுக்கோ சுருக்கென்றது. அளவு நாடாவை எடுத்து ஒரு கிழங்கைச் சுற்றினாள். பதின்மூன்று.

“குறுக்கால இல்லீங்கய்யா, சுத்தி அளக்கணும். உங்க இடுப்புக்கு பேன்ட் அளவு எடுக்கிற மாதிரி.”

“அப்போ சுற்றளவுன்னு ஒரு வார்த்தை போட்டா கையா வலிக்கும்?”

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்,” என்றார் மேலாளர்.

“எனக்குத் தெரியலையேய்யா! நாப்பது வருஷம் வட்டம் வரைஞ்சவன் நான்.”

மூவரும் சிரித்தனர். அத்துடன் முடிந்திருக்கலாம். அவள் நாடாவை மட்டும் கீழே வைக்கவில்லை. மற்றவற்றையும் அளந்தாள். ஒன்பதாவது கிழங்கு பதினொன்றரை. அவள் உள்ளங்கைக்குள் இருந்த எண்ணை மற்ற இருவரும் காணவில்லை.

“எல்லாம் சரிதானேம்மா?”

“ஒண்ணு மட்டும் அரை சென்டிமீட்டர் குறையுதுங்கய்யா.” வேறொன்றை நாடாவால் அளந்து கொடுத்தாள்.

வாத்தியார் சென்றபின் மேலாளர் சொன்னார்: “அரை சென்டிமீட்டர்தானேக்கா, விடுங்க.”

“விரல் மடங்க மாட்டேங்குது தம்பி. ரெண்டு மாசமாச்சு.”

அவர் வாய் திறக்குமுன் அவள் பலகையைக் கழற்றித் தூசி துடைத்தாள். காலையிலிருந்து அவள் கையால் அளந்து கட்டிய அறுபது பைகள் பின்னால் அடுக்கியிருந்தன. எல்லாவற்றையும் பலகையில் மறுபடி அளக்க, முதற்பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சுக்கும் விரல்கள் இணங்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள்.