இருமல் மருந்து மொழியும் மூணாவது மிஷினும்

புரோகிராம் எழுதுகிறவர்கள் போனை மாற்றுவார்கள், பைக்கை மாற்றுவார்கள், கம்பெனியையே மாற்றுவார்கள். பழகிய மொழியை மட்டும் மாற்றமாட்டார்கள். யாரும் கேட்காத ஒன்றை "இது சூப்பரா இருக்கு" என்று ஆபீஸில் சொல்லி மாட்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் வணக்கம். நானும் உங்க கட்சிதான்.

கெலமங்கலத்தில் ப்ளஸ் டூ முடித்தேன். காலேஜ் அப்புறம் பார்க்கலாம் என்று ஓசூரில் டயர் கடைக்கு மேலே இருக்கும் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் சேர்ந்தேன். ஃபேக்டரிகளில் எந்த மிஷின் எத்தனை பீஸ் போட்டது என்று காட்டும் பெரிய ஸ்கிரீன்தான் எங்கள் பிழைப்பு. ஒரு மிஷின் கண்ட குப்பைத் தகவலை அனுப்பினால் மொத்த ஸ்கிரீனும் உறைந்துவிடும். அதை எழுதிய பைத்தான் மொழி மேல் குற்றமில்லை. எழுதிய லட்சணம் அப்படி.

பெயர் சொன்ன நாள்

எலிக்ஸிர் என்று ஒரு மொழி. அதில் புரோகிராமுக்குள்ளேயே மிஷினுக்கு ஒரு குட்டி வேலைக்காரனை வைக்கலாம். ஒருத்தன் விழுந்தால் மேஸ்திரி மாதிரி இன்னொருத்தன் தூக்கி நிறுத்துவான். மற்றவர்களுக்கு விஷயமே தெரியாது. இதையெல்லாம் டீ டயத்தில் மூச்சுவிடாமல் சொன்னேன். டீம் லீடர் மாரியப்பன் அண்ணன் தூத்துக்குடிக்காரர். கையில் இருந்த பஜ்ஜியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "ஏ பிள்ள, இது என்ன, இருமலுக்குக் குடிக்கதா?"

யாரைக் கேட்பது?

பழைய புரோகிராமை எழுதியவர் பாகலூர் மஞ்சு அண்ணன். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களிடம் தமிழ். இன்னொன்று கற்றுக்கொள்ளச் சொன்னால் மட்டும் பல்வலி வந்தவர் மாதிரி முகம் வைப்பார்.

"நீ நாளைக்குக் காலேஜ் போறேன்னு கெளம்பிட்டா, இதை யார்ட்ட போய்க் கேக்க?" என்றார் மாரியப்பன் அண்ணன். எனக்குப் பொறுமை கம்மி. "மஞ்சு அண்ணன் லீவு போட்டா இப்ப யாரைக் கேக்கறீங்க?" என்றேன். மஞ்சு அண்ணன் ஸ்கிரீனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "நான் லீவே போட்டதில்லை பாப்பா. வேற யாரையும் கேக்க முடியாதே, அதனாலதான்."

கொலைவெறி டெமோ

பேசிப் பயனில்லை என்று லஞ்ச் டயங்களில் உட்கார்ந்து எலிக்ஸிரில் ஒரு சாம்பிள் ஸ்கிரீன் செய்தேன். டெமோவில் மவுஸை மஞ்சு அண்ணன் கையிலேயே கொடுத்து, "எதை வேணா கொல்லுங்க" என்றேன். ஒரு மிஷினின் வேலைக்காரனைக் கொன்றார். சிவப்பானது, உடனே பச்சையானது. இரண்டைக் கொன்றார். எழுந்தன. அக்கவுண்ட்ஸ் அக்கா ஓடிவந்து, "எனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று மவுஸைப் பிடுங்கினார். திருவிழாவில் பலூன் சுடுகிற மாதிரி ஒரே கூச்சல்.

மாரியப்பன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. போல்ட் போடும் ஒரு ஃபேக்டரியை எனக்கு ஒதுக்கினார். "ஆயுத பூஜை முடிஞ்சு லைன் ஓடும்போது ஸ்கிரீன் நின்னுச்சுன்னு வை, அந்த மருந்துப் பேரை இந்த ஆபீஸ்ல நீ எடுக்கப்பிடாது."

சாமி வந்த மிஷின்

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் நிறுத்தி, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, மறுபடி ஓட்டுவார்கள். நானும் மஞ்சு அண்ணனும் அந்த போல்ட் ஃபேக்டரியிலேயே பொரியைக் கொறித்துக்கொண்டே ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லைன் ஓட ஆரம்பித்ததும் மூணாவது மிஷின் சிவப்பு. பச்சை. மறுபடி சிவப்பு. ஆனால் மற்ற மிஷின்கள் ஜாலியாக எண்ணிக்கொண்டிருந்தன. அடிக்கடி விழுகிறவனைக் கொஞ்சம் பொறுத்துத் தூக்கு என்று முந்தின நாள்தான் எழுதி வைத்திருந்தேன். இல்லையென்றால் மேஸ்திரியும் களைத்து விழுந்து எல்லாரையும் இழுத்திருப்பான், தப்பித்தேன்.

ஓடிப்போய்ப் பார்த்தால், பீஸ் எண்ணுகிற சென்சாரின் கண்ணாடி மேலேயே அரை ரூபாய் அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்! சிவப்பாக மின்னியதைப் பார்த்து யாரோ பக்தியாக வைத்துவிட்டார்கள். கண் மறைந்த சென்சார் எண்ணத் தெரியாமல் குப்பையாக அனுப்பிக்கொண்டிருந்தது. கர்ச்சீப்பை எடுத்தேன். சூப்பர்வைசர் கோவிந்தப்பா என் கையைத் தட்டிவிட்டார். பூஜைப் பொட்டை அன்றைக்கே அழிக்கக் கூடாதாம். "அப்ப இது விழுந்து விழுந்து எழுமே சார்?" என்றேன். அவர் ஸ்கிரீனுக்கு ஒரு கும்பிடு போட்டார். "மூணாவது மிஷினுக்குச் சாமி வந்திருக்கும்மா. அதுவா எறங்கும், தொடாதீங்க."

ஜெயித்த பிறகு

மறுநாள் ஷிஃப்டில் பொட்டைத் துடைக்கும்வரை அது ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஸ்கிரீன் நிற்கவில்லை. மஞ்சு அண்ணன் தன் பங்குக்குப் பழைய புரோகிராமை டெஸ்ட் கம்ப்யூட்டரில் போட்டு, அதே குப்பையை ஊட்டிப் பார்த்தார். முதல் வாயிலேயே எல்லாம் உறைந்தது. "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

நான் துள்ளிக் குதிக்க இடம் தேடுகிறேன், மாரியப்பன் அண்ணன் முதலாளியிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்: "எல்லாக் கம்பெனிக்கும் எலிக்ஸிர்தான் சார். நாந்தான் மொதல்லேர்ந்தே சொல்லுதேன்லா!"

அதே சாயங்காலம் மஞ்சு அண்ணன் பையை மாட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. "வர்ற வாரம் பூரா லீவு பாப்பா. இனி எல்லாரும் உன்னைத்தானே கேப்பாங்க?"

ஆபீஸில் ஒரு புது மொழியை ஜெயிக்க வைப்பது ரொம்ப சுலபம் நண்பர்களே, அதற்கப்புறம் நீங்கள் லீவு மட்டும் கேட்கக் கூடாது.