எதையும் நிறுத்தாத பிரேக்

விடைத்தாள்கள் காற்றில் பறக்காமலிருக்க என் மேசைமேல் ஒரு பிரேக் பெடலை வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகல இரும்பு, அதன்மேல் கறுப்பு ரப்பர். சுரங்கத்தில் நிலக்கரியைச் சுமந்துகொண்டு ஓடும் கன்வேயர் பெல்ட்டிலிருந்து அறுத்த ரப்பர் அது. பழைய சாமான் கடையில் ஒரு துண்டு வாங்கி வந்து அப்பாவே அளவு பார்த்து ஒட்டினார். "பெல்ட் ரப்பர் ஏழு சென்மத்துக்கும் தேயாதுட்டி" என்றார். ஏழே வருடத்தில் அதன் நடுவில் குழி விழுந்துவிட்டது.

அப்பா சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். வாழ்நாள் முழுக்க டவுன்ஷிப்பில் இருந்தும் ஊர்ப் பேச்சை விடவில்லை. அக்காவுக்குக் குழந்தையிலேயே போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. பள்ளிக்கூடம், காலேஜ், பிறகு அவளுக்குக் கிடைத்த ஆபீஸ் வேலை, எல்லாவற்றுக்கும் அவர்தான் கொண்டுபோய் விட்டார். அதற்காகவே வாங்கியது, என்னைவிட வயதில் மூத்த ஒரு அம்பாசிடர் கார். "எம் பிள்ள பஸ்ஸுக்குக் காத்து நின்னதே கிடையாது" என்று எல்லாரிடமும் சொல்வார். அக்கா அப்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெருமையில் அவளுக்குப் பங்கில்லை என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் சொந்த வீட்டுக்கு வந்தோம். சர்க்கரை அவர் கண்ணைத் தின்னத் தொடங்கியது. கையிலிருந்த லைசென்சுக்கு இன்னும் காலம் இருந்தது, கண்ணுக்குத்தான் இல்லை. கார் செங்கல் மேல் ஏறித் தார்ப்பாய்க்குள் போய், அடித்தகடு துருவேறி ஓட்டையானது. அக்கா ஆட்டோவில் போனாள். ஆட்டோ வராத நாளெல்லாம் லீவு. ஒருநாள் அப்பா, "வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துட்டு வீட்ல இரு. இத்தன பாடு எதுக்கு?" என்றார். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "காரை எனக்குத் தோதா மாத்திக் குடுங்க. நானே ஓட்டிக்கிறேன்" என்றாள். மூன்றாம் நாள் காலையில் அப்பா தார்ப்பாயை இழுத்துப் போட்டார்.

ஐந்து மாதம் எங்கள் வீட்டில் சோற்றிலும் கிரீஸ் வாடைதான். அப்பாவின் விரல்கள் நட்டுகளைத் தடவியே அளவு சொல்லும். கண் வேண்டிய இடத்துக்கு நான். அம்மா சீட் உறை தைத்தாள். ஊரிலேயே பட்டறை வைத்திருந்த வெல்டர் புதிதாய் அடித்தகடு போட்டார். அக்காவுக்கு வலது கால் நன்றாக இருந்ததால் கிளட்சை மட்டும் மாற்றினால் போதும். கியர் தண்டின் தலையில் ஒரு பொத்தான் வைத்தோம். அழுத்தினால் என்ஜின் காற்றை உறிஞ்சும் விசையே கிளட்சைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் காகித வேலையெல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் முதலில் "வேண்டாம்" என்பார் அப்பா, பிறகு முகத்தைத் தூக்கிக்கொண்டு அதையே யாரும் செய்ய முடியாத சுத்தத்தில் செய்வார்.

கடைசி வாரத்தில் டிரைவருக்கு இடப்பக்கத்து சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் இந்தப் பெடலைப் பார்த்தேன். வெல்டரிடம் கேட்டேன். "சார் கால் வச்சிக்கினு வர்றதுக்கு ஒரு கட்ட கேட்டாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். கட்டையிலிருந்து ஒரு தண்டு புறப்பட்டு டேஷ்போர்டுக்கு அடியில் ஓடி, அக்காவின் பிரேக்கோடு சேர்ந்திருந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இருக்குமே, அந்த இரண்டாவது பிரேக். வெல்டர் குரலைத் தாழ்த்தி, "அக்காகிட்ட சொல்லிக்கினு இருக்காதீங்க பாப்பா, சார் வருத்தப்படுவாரு" என்றார். நான் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு வெட்கம் தரும் காரியம் அது.

அக்கா எல்.எல்.ஆர். எடுத்து டவுன்ஷிப்பின் பிளாக் ரோடுகளில் ஓட்டிப் பழகினாள். அப்பா பக்கத்தில், நான் பின்னால். வண்டி காரணமில்லாமல் வேகம் குறையும், திடீரென்று திக்கி நிற்கும். "நான் அப்பமே சொன்னேம்லா" என்பார் அப்பா. அக்கா தன் கையைப் பார்ப்பாள், வலது காலைப் பார்ப்பாள். மூன்றாவது வாரம், "எனக்கு வரலடி. நல்ல காலும் சரியில்ல போல" என்றாள். அவள் கைப்பையில் வி.ஆர்.எஸ். விண்ணப்பம் மடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. அப்பாவைக் காட்டிக் கொடுக்கப் பயம், அக்கா அடிபடுவாளோ என்றும் பயம்.

மறுநாள் மத்தியானம், ஷிப்ட் மாறுகிற நேரம். ரவுண்டானாவில் பாதி சுற்றியிருந்தாள். இடப்பக்கமிருந்து ஷிப்ட் பஸ் வந்தது. அவளுக்கு வழி இருந்தது, வேகமும் சரி. விட்டிருந்தால் தாண்டிப் போயிருப்பாள். வண்டி குப்பென்று நின்று என்ஜின் அணைந்தது. பஸ் எங்கள் கதவுக்கு ஒரு முழம் தள்ளி, மூக்கைத் தரையில் குத்துவதுபோல் நின்றது. ஹாரன், வசவு, சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த ஆட்கள். அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. குனிந்து, அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் இன்னும் பெடலிலேயே இருந்தது.

வண்டியைக் கிளப்பி ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். "இறங்குங்கப்பா."

"நடு ரோட்டுலயாட்டி?"

"இறங்குங்க. நீயும்தான்."

தனியாக ஓட்டச் சட்டம் இடம் தராது. அன்று அவளுக்குச் சட்டம் நினைவிலில்லை. கார் மரங்களுக்கிடையில் போய் மறைந்தது. அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவரால் அவ்வளவு தூரம் பார்க்க முடியாது. காதைத்தான் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். "ரெண்டுல போறா" என்றார். கொஞ்சம் கழித்து, "மூணு போட்டுட்டா." அதன்பிறகு சத்தம் கேட்கவில்லை. கால்மணி நேரம் இருக்கும். "நீ அவகிட்ட சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லியிருக்கலாம்லாட்டி" என்றார். எதிர்த்திசையிலிருந்து கார் வந்து, அவர் காலடியில் அலுங்காமல் நின்றது.

அடுத்த நாள் அப்பா கடைக்குப் போயிருந்தபோது அக்கா என்னைக் கூப்பிட்டாள். "அந்தத் தண்ட மட்டும் கழட்டிரு. பெடல் இருக்கட்டும்."

"அது எதுக்கு?"

"கால் வைக்கக் கேட்டார்ல. வச்சிக்கட்டும்."

கழற்றினேன். சாயங்காலம் மூன்று பேரும் புறப்பட்டோம். முதல் வேகத்தடைக்கு முன் அப்பாவின் முழங்கால் அசைந்தது. பிடிப்பில்லாமல் பெடல் தரைவரை போய் முட்டியது. ஆயுசு முழுக்க ஃபிட்டராக இருந்தவருக்கு அது என்னவென்று தெரியாமலிருக்க வழியில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா தன் பிரேக்கைப் போட்டு வேகத்தடையில் ஏறி இறங்கினாள். அவள் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டது எப்போதென்று எனக்குத் தெரியாது. அதன்பின் ஏழு வருடம், அவளுக்கு லைசென்ஸ் கிடைத்த பிறகும், அவள் ஆபீஸ் போகும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போனார். ஆபீஸ் வாசலில் இறங்கி, டீ குடித்துவிட்டு பஸ்ஸில் வீடு திரும்புவார். கடைசியில் கண் அநேகமாகப் போன பிறகும் போனார்.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். இப்போது அந்த சீட்டில் அம்மா. பெடலில் சேலை மாட்டுகிறது என்று அவள் சொல்லவும், போன வாரம் நான் போய் அதைக் கழற்றி, நான் வேலை பார்க்கும் குறிஞ்சிப்பாடிக்கு எடுத்து வந்தேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ரப்பரின் குழி தெரிந்தது. நிலக்கரி தேய்க்க முடியாத ரப்பர். ஒன்றோடும் சேராத ஒரு பிரேக்கை, சேரவில்லை என்று தெரிந்தே, அவர் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். விடைத்தாள்மேல் தலையை வைத்து அழுதேன். எதற்கென்று கேட்டால், முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும் என்பதற்கும் சேர்த்துத்தான்.

நேற்று அக்கா போன் செய்தாள். குழியைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும். பக்கத்துலயே இருந்தேன்ல" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை கொண்டாந்து பழையபடி மாட்டிரு. அம்மாவ சேலையத் தூக்கிப் பிடிச்சிக்கச் சொல்றேன்."

"தண்டு?"

"அது எதுக்கு? பெடல் மட்டும்."