மே மாதத்துச் சாமந்தி

2007 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரே ஏற்காடு, ஊட்டி என்று கிளம்பிக்கொண்டிருக்க, நாங்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு உல்லாசப் பயணம் போனோம். காரணம் என் மனைவி சுமதி. சாமந்தி, இரவு நீளும் மாதங்களில்தான் பூக்கும். எந்த மாதத்திலும் பூக்கும்படி அதன் மரபணுவை மாற்ற, அங்குள்ள ஒரு கம்பெனியின் கண்ணாடிக் கூடத்தில் இரண்டு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். இந்த மாதமும் பூக்காவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். சனிக்கிழமை மாலை ஒரு மொட்டு பாதி விரிந்திருந்தது. விரிந்ததும் செடியிலேயே அதைப் படம் எடுத்தால்தான் சாட்சி.

எங்கள் ஊர் வேப்பம்பட்டில் 6.15 வண்டி. பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டி சேர 8.40. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு முப்பது ரூபாய்.

"நாயித்துக்கெழம கம்பெனி லீவாச்சே, இன்னாத்துக்கு சார்?" என்றார் ஓட்டுநர்.

"பூ பார்க்க."

"இந்தப் பொகையிலயா?" என்று சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டார்.

கண்ணாடிக் கூடத்துக்கு இரட்டைக் கதவு. உள்ளே வளர்ந்த எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. நீராவியில் அவித்த பிறகுதான் குப்பைக்கே போகும். போய்ப் பார்த்தால், அந்தக் காம்பில் பூவைக் காணோம்.

"பூ எங்க கன்னியம்மா?" தண்ணீர் ஊற்றும் அம்மாவிடம் சுமதி கேட்டாள்.

"காலைல ஏழு மணிக்கு சோக்கா விரிஞ்சுகினு இருந்துச்சும்மா. மொத பூ சாமிக்குத்தான? வெளிய எத்துனு போவக்கூடாதுன்னீங்க, அதான் இங்கியே வெச்சேன்."

சுவரில் தொங்கிய காலண்டர் அம்மனுக்கு மேலே இருந்தது இரண்டு வருட உழைப்பு.

சுமதி கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து இலைகளை விலக்கினாள். அதே செடியில் இன்னும் மூன்று மொட்டுகள். ஒன்றில் இதழ் எட்டிப்பார்த்தது. அவசரமாக அதைப் படம் எடுத்தாள். "இதையாவது தொடாதீங்க..." என்று ஆரம்பித்தவள், அழுதுவிட்டாள்.

கன்னியம்மா பதறிவிட்டார். "இன்னாத்துக்குமா அழுவுற? சாமி பூ, வெச்சிக்கோ" என்று படத்திலிருந்து எடுத்து அவள் தலையில் செருகினார். கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். நாஷ்டாவை ஸ்டேஷன் எதிரிலேயே முடித்துவிடுங்கள். ஞாயிறன்று உள்ளே டீக்கடைகூடத் திறக்காது. திரும்ப 12.40 வண்டி வசதி.

கிளம்பும் முன் சுமதியே பூவை எடுத்து, அவிக்கும் பையில் போட்டுக் கட்டினாள். பிறகு பதிவேட்டைத் திறந்தாள். அதில் ஒரு சொல் பொய்யாக எழுத மாட்டாள். எட்டிப்பார்த்தேன்:

"முதல் பூ. காலை 7 மணிக்கு மலர்ந்தது. கன்னியம்மா பறித்து அம்மனுக்கு வைத்தார். பிறகு இருபது நிமிடம் என் தலையில் இருந்தது."