வளையல் அளவு பார்த்த எஞ்சின்

நான் புல் வெட்டுகிறவன். நுவரெலியாப் பக்கம் கந்தப்பளைக்கு மேலே, முன்பு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவாக இருந்து இப்போது ஹோட்டலாகிவிட்ட இடத்தில் வேலை. பங்களாவுக்கு முன்னால் சரிவாக இறங்கும் புல்வெளி முழுவதும் என் பொறுப்பு. புல் வெட்டும் மிசின் பெரியது. தானே உருண்டு போகும், நாம் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

மழை விட்ட ஒரு காலையில் அந்த மிசின் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. கீழே எண்ணெய் ஒழுகியது. டவுனிலிருந்து வந்த மெக்கானிக் குனிந்து பார்த்து, எஞ்சினின் வயிற்றில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார். அடித்தகடு, சக்கரம், பெல்ட் எல்லாம் நன்றாக இருந்தன. எஞ்சினை மட்டும் மாற்றினால் போதும், ஆனால் இந்த எஞ்சின் இப்போது வருவதில்லை, பொருந்துகிற வேறொன்றைத் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெனேஜர் நல்ல மனிதர். கவலைப்பட வேண்டாம் என்றார். புல் வெட்டுகிற வேலையை நுவரெலியாவில் ஒரு கொந்தராத்துக்காரரிடம் கொடுத்துவிடலாம், அடுத்த வாரம் அவர் வந்து பார்ப்பார், அதற்குள் எஞ்சின் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் எனக்கு அதைவிட நல்ல வேலை தருகிறேன் என்றார். வாசலில் வெள்ளை உடுப்பும் சிவப்புத் தலைப்பாகையும் போட்டு நின்று, வருகிற விருந்தினரைக் கைகூப்பி வரவேற்று, பழச்சாறு கொடுத்து, பயணம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டுமாம்.

அது என்னால் ஆகுமா? எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் நெருப்புப் பெட்டி கேட்பதற்கே வாசலில் இரண்டு முறை நடந்துவிட்டுத்தான் கேட்பேன். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம் ஒரு காரணம். ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டது இன்னொரு காரணம்.

வீட்டில் சொன்னபோது எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அதிகம் சந்தோஷப்பட்டது என் மச்சான், மனைவியின் தம்பி. அவன் லீக்ஸ், கரட் என்று மரக்கறி போடுகிற தோட்டக்காரன். அவன் வாய் மூடி நான் பார்த்தது பல் பிடுங்கிய அன்று மட்டும்தான்.

"மச்சான், தலப்பா கட்டுனா நீங்க ராசா மாதிரி இருப்பீங்க" என்றான்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மிசின்தான் வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, தன் தண்ணீர் பம்பின் எஞ்சினைக் கழற்றித் தருவதாகச் சொன்னான். இரண்டுக்கும் ஒரே குதிரைவலு. அப்புறம் என்ன?

எங்கள் பக்கம் மரக்கறித் தோட்டக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் நினைப்பார்கள். ஓர் எஞ்சின் இருந்தால் பெல்ட்டை மாட்டி அதைத் தண்ணீர் இறைக்கவும், மருந்தடிக்கவும், திருவிழாவில் பல்ப் எரிக்கவும் பூட்டுவார்கள். குதிரைவலு சரியென்றால் மற்றது எல்லாம் தானாகச் சரியாகும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பம்பு எஞ்சின் லயத்துக்கு வந்தது. பழைய எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் மிசினில் எஞ்சினின் தண்டு நேராகக் கீழே இறங்கும், அதன் நுனியில்தான் பிளேடு சுற்றும். பம்பு எஞ்சினின் தண்டோ பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது.

மச்சான் அசரவில்லை. "அவ்வளவுதானே, படுக்கப் போட்டுருவோம்" என்றான். எஞ்சினைச் சரித்து இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து, கயிற்றை இழுத்தான். முதலில் இருமியது. பிறகு உள்ளேயிருந்த எண்ணெய் எல்லாம் போகக்கூடாத இடத்துக்குப் போய், வெள்ளைப் புகையாக வெளியே வந்தது. லயமே மறைந்துவிட்டது. புகைக்குள்ளிருந்து கடைசி வீட்டு அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

"டெங்குக்குப் புகை அடிக்க வர்றாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சோத்தையாச்சும் மூடி வச்சிருப்பேன்ல."

அக்காவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே மச்சான் எண்ணெயில் குளித்த தன் எஞ்சினைத் துடைக்க உட்கார்ந்தான். நான் படியில் உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் சிவப்புத் தலைப்பாகைதான் தெரிந்தது.

அப்போது என் மனைவி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வாரம் முழுவதும் தேயிலைக் கொழுந்தெடுத்த கை, விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. தேத்தண்ணியை என் கையில் கொடுத்தாள். பிறகு, "வாசல்ல நின்னா ரெண்டு நாள்ல காய்ச்சல்ல படுத்துருவீங்க. எனக்குத் தெரியாதா?" என்றாள். இன்னொன்றும் சொன்னாள்.

"வளையல் வாங்கப் போனா கையக் காட்டித்தானே வாங்குறோம்? அந்தத் தண்டு எதுக்குள்ள நுழையுதோ அதக் கழட்டி எடுத்துட்டுப் போங்க."

பிளேடைப் பிடித்திருக்கும் இரும்பு வளையத்தைக் கழற்றினேன். உண்மையில் அது தடித்த வளையல் போலத்தான் இருந்தது. எஞ்சினை அடித்தகட்டோடு இறுக்கும் போல்ட் ஓட்டைகளை பிஸ்கட் பெட்டி அட்டையில் வரைந்தேன். பழைய தண்டின் நீளத்துக்கு ஒரு கொய்யாக் குச்சியை வெட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் நுவரெலியா போனேன். எஞ்சின் விற்கும் கடையில் ஒரு சிங்கள அம்மா இருந்தார். எத்தனை குதிரைவலு என்று கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியும், ஆனால் வாயிலிருந்து வரவில்லை. வளையத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதையும் என்னையும் பார்த்தார், புல் வெட்டும் மிசினுக்கு என்று புரிந்துகொண்டார். தண்டு கீழே இறங்கும் எஞ்சின்கள் மூன்றை எடுத்து வைத்தார்.

முதல் தண்டில் வளையம் தொளதொளவென்று ஆடியது. இரண்டாவதில் அழகாக இறங்கியது, ஆனால் குச்சியை வைத்துப் பார்த்தால் தண்டு குட்டை. சக்கரத்தை உருட்டும் பெல்ட்டின் கப்பிக்கும் அதே தண்டில் இடம் வேண்டுமே. கடைக்கு வந்தவர்கள் கூடி நின்று பார்த்தார்கள். என் காது சூடானது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே, என்ன அண்ணே, கல்யாணப் பெண்ணுக்கு வளையல் பார்க்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

பெண் வீட்டில் இருக்கிறாள் நோனா, கொஞ்சம் தடித்த கை என்று நானும் சிங்களத்தில் சொன்னேன்.

எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்றாவது எஞ்சினில் வளையம் சரியாக இறங்கியது, குச்சியும் ஒத்துப்போனது, அட்டையை அடியில் பிடித்தால் ஓட்டைகள் நேருக்கு நேர் வந்தன. மெனேஜர் போனிலேயே கடைக்காரம்மாவிடம் விலை பேசி முடித்தார்.

மறுநாள் பூட்டினோம். தூக்கிப் பிடிக்க மச்சானையும் கூட்டிப் போயிருந்தேன். முதல் இழுப்பிலேயே ஓடியது, புகை இல்லை. நான் வெட்டத் தொடங்கினேன். மேல் வரிசை முடித்துத் திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஒரு வேன் நின்றது. எண்ணெய்க் கையோடு மச்சான் அங்கே நின்று, இறங்கிய வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு லீக்ஸைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆங்கிலம் நாலு வார்த்தைதான் தெரியும். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படியில் நின்ற மெனேஜர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

இப்போது சிவப்புத் தலைப்பாகை அவன் தலையில்தான் இருக்கிறது. காலையில் தோட்டம், பகலில் வாசல். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ராசா மாதிரி கை காட்டுவான்.

சில சமயம் விருந்தினர் யாராவது புல்வெளியில் இறங்கி என்னிடம் ஏதோ கேட்பார்கள். நான் எஞ்சினைக் காட்டி, காதைக் காட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டுவேன். பிறகு வாசல் பக்கம் கையை நீட்டுவேன்.