தரையோடு உருளாத பந்து

தஞ்சாவூர் மைதானத்தை விட்டு நாகப்பட்டினம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பூட்ஸ் தோளில் தொங்கியது. வாசலில் பாய் வேனோடு காத்திருப்பார் என்று தெரியும். அவர் முகத்தைப் பார்க்கத் திராணியில்லாமல் பின்சுவர் ஏறிக் குதித்து வந்திருந்தேன்.

பாய் சவுதியில் இருந்துவிட்டு வந்து திருக்காட்டுப்பள்ளியில் செல்போன் கடை வைத்திருந்தார். எங்கள் ஃபுட்பால் அணியை நடத்தியதும் அவர்தான். டென்மார்க்கில் சின்ன ஊர் கிளப்பில் தொடங்கி மேலே போன ஒரு மிட்ஃபீல்டு ஆட்டக்காரனின் ஆரம்பகால வீடியோக்களைக் கடையில் எனக்குப் போட்டுக் காட்டுவார். "இவனும் உன்ன மாதிரிதான். கோல் அடிக்க மாட்டான், அடிக்க வைப்பான்" என்பார். ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றிய என்னை அதுவரை யாரும் யாரோடும் ஒப்பிட்டதில்லை. சென்னை கிளப் ஒன்று தஞ்சாவூரில் ஆள் எடுக்கிறது என்றதும் பூட்ஸ் வாங்கிக் கொடுத்து அழைத்து வந்தார். அடுத்த மாதம் நான் சென்னையில் ஆடப்போகிறேன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

நாங்கள் ஆடிப் பழகியது அறுவடையான வயலில். மெஷின் அறுத்த நெல்தாள் கணுக்காலுக்கு மேல் நிற்கும். தரையோடு தட்டினால் பந்து அதில் சிக்கி நின்றுவிடும். அதனால் அடியில் கிண்டித் தூக்கித்தான் கொடுப்போம். அதில் என்னை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது.

மைதானத்தில் புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நான் கொடுத்த முதல் பந்து முன்னால் ஓடியவன் தலைக்கு மேல் போய்க் கோட்டைத் தாண்டி விழுந்தது. தரையோடு கொடுக்கச் சொன்னார் கோச். சரி என்றேன். அடுத்ததும் பறந்தது. யோசித்து உருட்டப் பார்த்தேன். யோசித்த நேரத்தில் பந்தைப் பறித்துக்கொண்டு போனார்கள். நெல்தாளைத் தாண்டிப் பழகிய காலோடு நான் முழங்காலைத் தூக்கித் தூக்கி ஓடியதைப் பார்த்து வெளியே நின்ற ஒருவன், "டேய், கொக்கு வருதுடா" என்றான். எனக்கே சிரிப்பு வந்தது. கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

கோச் என்னை வெளியே கூப்பிட்டார்.

"யாரு எங்க நிக்கிறான்னு உனக்குத் தெரியுது தம்பி. கண்ணு நல்ல கண்ணு. ஆனா உன் கால மாத்த வருஷக்கணக்குல ஆகும்."

"இன்னொரு பத்து நிமிஷம் குடுங்க சார்."

"பத்து நிமிஷத்துல மாறுற விஷயமா இது?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்தவனைக் கூப்பிட்டுவிட்டார்.

சாலையில் போன் அடித்தது. பாய். எடுத்து என்ன சொல்வது? தானாக அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டே நடந்தேன். மறுபடி அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் காய்கறி ஏற்றிப்போன மினி லாரி ஒன்று நின்றது. எங்கே போகணும் என்று டிரைவர் கேட்டார். நீங்க எங்க போறீங்களோ அங்கே என்றேன்.

அவர் வேளாங்கண்ணி போனார். காலையில் அங்கே ஒரு லாட்ஜில் ஆள் தேவை என்றார்கள். முன்னால் என்ன வேலை பார்த்தாய் என்று மேனேஜர் கேட்டார். வயல் வேலை என்றேன். பக்கெட்டையும் துடைப்பத்தையும் கொடுத்து மூன்றாவது மாடிக்கு அனுப்பினார். கோயிலுக்கு வந்தவர்கள் காலி செய்துபோன அறைகள். எல்லாவற்றிலும் கடல் மணல். முதலில் அதைக் கூட்டி அள்ளச் சொன்னார்.