அடங்கி உட்காருவாளா என்று கேட்டவருக்கு

கல்லூரி முதல்வரே, என் மகளின் மதிப்பெண்ணை நீங்கள் பார்க்கவே இல்லை. மூச்சிரைப்பு இருந்ததால் கீழ்வேளூரில் வீட்டிலேயே வைத்து அவளை நான்தான் படிக்கவைத்தேன். திறந்தநிலைப் பள்ளித் தேர்வு எழுதி பிளஸ் டூ தேறினாள். அந்தத் தேர்வு செல்லும் என்று உங்கள் கல்லூரியே அறிவித்திருந்ததால்தான் பி.எஸ்சி. இயற்பியல் கேட்டு தஞ்சாவூர் வந்தோம்.

"ஸ்கூலுக்கே போகாத பொண்ணு கிளாஸ்ல அடங்கி உக்காருமாம்மா?" என்று சிரித்தீர்கள்.

"காலையிலேர்ந்து உங்க வராண்டாவுலதான் சார் உக்காந்திருக்கேன்" என்றாள் மகள்.

"பாத்தீங்களா, வாய! இதுக்குத்தான் ஸ்கூலுக்கு அனுப்பணுங்கறது" என்று விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளிவிட்டீர்கள்.

கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் அவளுக்கு இத்தனை வருடம் கற்றுக்கொடுத்தேன். அது குற்றமென்று உங்கள் அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

அவளுக்கு ஏன் இடமில்லை? காரணத்தைக் கல்லூரி வாசலில் எல்லோரும் படிக்கும்படி எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டுங்கள்.